இடது திரை

கடைக்காரப் பெண் ஸ்குரூடிரைவரைக் காதோரம் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை விட்டாள். உள்ளே விரற்கடை கனத்துக்குத் தூசு.

"என்னண்ணா, இதுல சிமென்ட் கலக்குறீங்களா?"

"நம்ம பொழப்பு அப்படிம்மா. எங்க தொட்டாலும் தூசுதான்" என்று கழுகு சிரித்தார்.

சரக்கு யார்டில் கிரேன் ஓட்டும் அவருக்கு அந்தப் பெயர் விழுந்து இருபது வருஷம் ஆகிறது. எண்பதடி உயரக் கேபினில் இருந்துகொண்டு, கீழே கிடக்கும் தீப்பெட்டி மேல் கொக்கியை இறக்கச் சொன்னாலும் இறக்குவார் என்று வைத்த பெயர். மேலே ஏறினால் குடிக்கத் தண்ணீர்கூடக் கயிற்றில்தான் வரும். இறங்கினால் இடுப்பு நிமிர அரை மணி நேரம் ஆகும். அப்படி வந்தும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் லாரி விளையாட்டுதான். மேஜையில் ஸ்டியரிங்கை முடுக்கிக்கொண்டு, இல்லாத ஊருக்கு இல்லாத சரக்கை ஏற்றிப் போவார். "பகலெல்லாம் ஓட்டினது பத்தலையாக்கும்" என்பாள் மனைவி.

ஆறு மாதமாகத் திரையில் சாலை புகை மூடிக் கிடந்தது. எதிரே வருவது முட்டுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் வண்டி என்று தெரிந்தது. திரையைத் துடைத்தார். வயரை மாற்றினார். கடைசியில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு கிழடு தட்டிவிட்டது என்று முடிவு கட்டினார். யார்டிலும் புகைதான். அதற்குத் தூசு இருந்தது குற்றம் சொல்ல. போன கண் பரிசோதனையில், வரிசையில் முன்னால் நின்றவன் படித்த எழுத்துகளைக் காதால் வாங்கி அப்படியே ஒப்பித்ததை மட்டும் அவர் நினைக்க விரும்புவதில்லை.

ஓவர்டைம் பணத்தில் இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சொல்லி, காவலுக்குத் தன் தம்பியையும் கூட அனுப்பியிருந்தாள் மனைவி. அந்த மச்சினன்தான் கிரேனுக்குக் கீழே நிற்கிறவன். இரும்பைக் கட்டி, கொக்கியில் மாட்டி, கையால் சைகை காட்டுவான். விரித்த கை என்றால் இறக்கு, மூடிய கை என்றால் நிறுத்து. வாக்கி டாக்கி கெட்டு ஒரு வருஷம் ஆயிற்று. வாங்கித் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியும் ஒரு வருஷம் ஆயிற்று.

"சின்ன கார்டு உங்க பணத்துக்குள்ள வரும். இப்ப இருக்கிற பவர் சப்ளையே தாங்கும்" என்றாள் கடைக்காரப் பெண். "பழைய கார்டு ஒண்ணு மலிவா இருக்கு, ஆனா ராப்பகலா ஓடினது, நான் கை காட்ட மாட்டேன். பெரிய கார்டு போட்டா பவர் சப்ளையும் சேர்த்து மாத்தணும், கிட்டத்தட்ட டபுள் ஆயிடும். லாரி ஓட்ட சின்னதே தாராளம். எதுக்கும் கண்ணால பார்த்துட்டுச் சொல்லுங்க."

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகளைப் போட்டாள். இரண்டிலும் அதே மழை, அதே சாலை, ஓரத்தில் அதே ஊர்ப்பெயர்ப் பலகை, அதே லாரி.

"ஒண்ணு சின்ன கார்டு, ஒண்ணு பெருசு. எதுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். கண்டுபிடிங்க பார்ப்போம்."

"அட, இதென்ன கேள்வி" என்று மச்சினன் வாயெடுத்தான். "நீ சும்மா இரு, மாப்ள" என்றார் கழுகு.

குனிந்தார். இடப்பக்கம் சாம்பல். வலப்பக்கமும் சாம்பல். மச்சினனின் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரக்கண்ணால் தேடினார். அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது" என்றார். "பலகையில எழுத்து கத்தி மாதிரி நிக்குதே."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வெளையாடாதீங்கண்ணா! அதுல பலகையே வெறும் பச்சைத் திட்டு. எழுத்து வலப்பக்கம்ல நிக்குது!"

மச்சினன் சிரிக்கவில்லை. சுமை மாட்டுவதற்கு முன் இரும்புக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தான், அவர் கண்களை.

"சும்மா உன்னைச் சோதிச்சேம்மா" என்றார் கழுகு. "பெருசையே போடு."

"மாமா, அக்கா வந்து..."

"உங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்டா. வித்தியாசம்தான் பளிச்சுனு தெரியுதில்ல? அப்புறம் எதுக்குச் சின்னது?"

பற்றாத மீதிப் பணத்தை மச்சினனே எடுத்து வைத்தான்.

திரும்பும்போது வண்டியை அவன்தான் ஓட்டினான். பெட்டியை மடியில் அணைத்தபடி பின்னால் கழுகு.

"எவ்ளோ நாளா மாமா?"

"என்னடா எவ்ளோ நாளா?"

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. பிறகு அவரே சொன்னார். "டாக்டர்கிட்ட போனா கண்ணு சரியில்லைன்னு எழுதிக் குடுப்பான். எழுதினா மறுநாளே கீழ இறக்கி, கையில தொடப்பத்தைக் குடுப்பானுங்க. பெரியவ படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு."

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு மாமா" என்றான் மச்சினன். "சின்னதுக்கு இன்னும் பேச்சே வரல."



வீட்டில் கார்டைப் போட்டதும் மகள் கையைத் தட்டினாள். "யப்பா! மழைத்துளி தனித்தனியா தெரியுதுப்பா!" என்றாள். "ஆமா" என்றார் அவர், புகையைப் பார்த்துக்கொண்டே.

காலையில் கேபினில் ஏறி உட்கார்ந்தார். கீழே வழக்கமான மங்கல். அதற்குள் பளீரென்று இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். மச்சினன் கையுறை வாங்கிப் போட்டிருந்தான். மேனேஜரிடம் போவான் என்று இரவெல்லாம் பயந்திருந்தார். அவன் கையுறைக் கடைக்குப் போயிருக்கிறான்.

இரும்புக் கட்டு அந்தரத்தில் லேசாகத் திரும்பியது. அதற்கு அடியில் ஆட்கள் நகர்வது நிழல் நிழலாகத் தெரிந்தது. ஒரு ஆரஞ்சுப் புள்ளி மெல்ல, வழக்கத்தைவிட மெல்ல, தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. கழுகு கேபின் கண்ணாடியோடு நெற்றியை அழுத்திப் பார்த்தார். விரித்த கையா, மூடிய கையா?

புள்ளி அசையாமல் நின்றது. அவர் கை லீவர் மேல் இருந்தது.