கடைமடை எஃப்.எம்.மின் முதல் குரல்

மாளவிகா வருகிறாள் என்று ஜாஃபர் சாதிக் அண்ணன் சொன்னபோதே எனக்கு வயிறு எரிந்தது. கடைமடை எஃப்.எம்.முக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. அதற்கொரு சிறப்பு நேரலை, ஆரம்பத்தில் என்னோடு இங்கே இருந்த அவள் சிறப்பு விருந்தினர். இத்தனை வருஷமாக மயிலாடுதுறையில் இந்த மாடிப்படியை ஏறி இறங்குகிற நான், அவள் எதிரில் உட்கார்ந்து நிலையத்தின் வரலாற்றை வாசிக்க வேண்டும்.

எழுதியதும் நான்தான். அண்ணன் தன் அரவை மில்லின் மாடியில் நிலையத்தைத் தொடங்கியது, எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் நெல் சாக்கை ஆணியடித்தது, கீழே மில் ஓடினால் பேச முடியாதென்று மில் நின்ற பிறகே ஒலிபரப்பியது, எந்த ஊர் வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு ஜனங்கள் வயலுக்குக் கிளம்பியது, எல்லாம் எழுதினேன். முதல் குரல் யாருடையது என்ற இடத்தில் மட்டும் பேனா ஓடவில்லை.

முதல் நாள் அறிவிப்பை எழுதியவள் நான். பேசுவதாக இருந்தவளும் நான். ஒலிபரப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன், "மாளவிகா குரல் கணீர்னு இருக்கும்மா. அதுவே பேசட்டும்" என்றார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டேன். அம்மா ரேடியோவைப் போட்டாள். எழுந்துபோய் அணைத்தேன். அன்றைக்கு மாளவிகா பேசியதை நான் கேட்டதே இல்லை. நிலையத்திலும் பதிவு கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் முதல் மழையிலேயே போய்விட்டது.

மூன்றாவது வருஷம் அவள் சென்னைக்குப் போய்விட்டாள். இப்போது நகைக்கடை விளம்பரத்திலும் அவள் குரல்தான், சோப்பு விளம்பரத்திலும் அவள் குரல்தான். அந்த சோப்பை நான் வாங்குவதில்லை.

கடைசியில் முதல் பக்கத்திலேயே எழுதினேன்: 'நிலையத்தின் முதல் குரல் ஷமீராவுடையது.' ஒலிபரப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் மைக்கைச் சோதிக்க ஒன்று, இரண்டு, மூன்று சொன்னது நான்தானே! நேரலையில் அவள் மறுத்துப் பேச மாட்டாள். அவள் காதுபட அதைப் படித்துவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

படித்தேன். எதிரே ஹெட்போனோடு இருந்த மாளவிகா தலை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பக்கம் முடிந்தால் ஒரு நேயர் அழைப்பை எடுப்பது எங்கள் வழக்கம். எடுத்தேன். தினமும் கூப்பிடுகிற குத்தாலம் சிங்காரவேலு.

"வணக்கம்மா. மொதக் குரல் நீங்கன்னு சொன்னீங்களே, எங்கிட்ட மொத நாள் ஒலிபரப்பு இருக்கு. டேப்புல புடிச்சு வச்சிருக்கேன். போடட்டுமா?"

இணைப்பைத் துண்டிக்கக் கை போனது. அதற்குள் மாளவிகா தன் மைக்கில், "போடுங்க சார்" என்றாள்.

கரகரவென்று கேசட் ஓடியது. பிறகு அவள் குரல், பதினைந்து வருஷம் இளையதாக:

"வணக்கம். இது கடைமடை எஃப்.எம். இங்கே முதலில் பேச வேண்டியவர் ஷமீரா. அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அவர் எழுதியதை அவருக்காக நான் வாசிக்கிறேன்."

மைக் மூன்று விநாடிக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். எத்தனை விநாடி போனது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. பாவி, கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

மாளவிகா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நேயர்களே, ஷமீராவுக்கு இன்னிக்கும் தொண்டை கட்டிக்கிச்சு. அவங்க எழுதினதை நானே முதல்லேருந்து வாசிக்கிறேன்."

என் கையிலிருந்த தாள்களை உருவிக்கொண்டாள். மில்லும் சாக்கும் வாய்க்காலும் அவள் குரலில் வரிசையாக வந்தன. அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். தாண்டவில்லை.

"நிலையத்தின் முதல் குரல் ஷமீராவுடையது" என்று, என்னைப் பார்த்துக்கொண்டே, தடுமாறாமல் வாசித்தாள்.

நான் எழுதிய பொய்கூட அவள் குரலில்தான் எடுப்பாக இருந்தது.