சிவப்புப் பூசிய பெயர்

காலிக் கிரேன் லாரியைக் கல்லறைத் தோட்டத்துச் சரிவின் ஓரமாக நிறுத்திவிட்டுக் கியோனோ இறங்கினாள். ஒசாகாவிலிருந்து ஏற்றி வந்த இரும்புக் குழாய்களைத் துறைமுகத்தில் இறக்கியாயிற்று. திரும்பும் வழியில் கணவன் தத்சுமியைப் பார்க்காமல் போனால் மனசு கேட்காது. முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறாள். இதுவரை ஒரு பின்விளக்குகூட உடைந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

கையில் தத்சுமிக்குப் பிடித்த டின் காபி. நெஞ்சில், அவன் போனதிலிருந்து மூன்று வருடத்து ஆசை. கல்லறைக் கல்லில் அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரும் ஏற வேண்டும். உயிரோடிருக்கும் மனைவியின் பெயரைச் செதுக்கிச் சிவப்புப் பூசுவார்கள். அவளும் போன பிறகு அந்தச் சிவப்பை எடுத்துவிடுவார்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு நடந்ததுதான். ஆனால் குடும்பக் கல்லுக்குப் பொறுப்பு கணவனின் அண்ணன், மூத்தார் ஹெய்கிச்சி. இரண்டு முறை கேட்டும் முடியாதென்றுவிட்டார். "ஊர் ஊரா லாரியில சுத்துறவ. நாளைக்கே எந்த ரோட்டுலயாவது போய்ச் சேர்ந்துட்டா, சிவப்பை அழிக்கிற வேலையும் என் தலையிலதான்" என்றார். மனுஷன் வாய் அப்படி.

மேலே ஏறிப் பார்த்தால் கல்லே பீடத்தில் இல்லை. போன வாரம் பூமி குலுங்கியதில் சரிந்து, பக்கத்துக் கல்லறை மேல் சாய்ந்து கிடந்தது. கயிறும் பலகையுமாக ஹெய்கிச்சியும் கல்தச்சர் இவாதாவும் விழித்துக்கொண்டு நின்றார்கள். விடிந்தால் முன்னோர் நாள். சொந்தமெல்லாம் வரும், குருக்களும் வருவார்.

"இவாதா மேஸ்திரியோட கிரேன் வர பத்து நாள் ஆகுமாம். எல்லா ஊர்லயும் கல்லு விழுந்து கிடக்கு" என்றார் ஹெய்கிச்சி, அவள் முகத்தைப் பார்க்காமல். "பத்து ஆம்பளைங்க பிடிச்சா நிமித்திடலாம்."

"நம்மூர்ல பத்து ஆம்பளைங்க வயசைக் கூட்டினா எண்ணூறு வரும்" என்றார் இவாதா.

கியோனோ காபியைக் கீழே வைத்தாள். "என் லாரிக் கிரேன்லயே தூக்கிடலாம். போர்வை இருந்தா கொண்டாங்க, அத்தான். கல்லு முனை உடையக் கூடாது."

ஹெய்கிச்சிக்குச் சந்தேகம். "தூக்கிட்டு, பேரைச் செதுக்குன்னு நிப்பியா?"

அவளுக்குச் சுரீரென்றது. "இது என் புருஷன் கல்லு. இதுக்குப் போய்க் கூலி கேப்பேனா?"

லாரியைப் பின்னோக்கி மேலேற்றினாள். இரு பக்கமும் ஒரு சாண்தான் இடம். லாரியின் இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றி, கல்லுக்குப் போர்வை சுற்றி, கிரேன் கொக்கியில் பட்டை மாட்டினாள். இவாதா கை காட்டக் காட்ட, இடுப்பில் தொங்கிய, கிரேனை இயக்கும் பெட்டியின் விசைகளை அவள் விரல்கள் மெதுவாகத் தள்ளின. கல் எழுந்தது. ஆடவில்லை. பீடத்தில் இருந்த பழைய சுண்ணாம்புத் தடத்தின் மேலேயே, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இறங்கி உட்கார்ந்தது. இவாதா மட்டப்பலகை வைத்துப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா கல்லு வெக்கிறேன். ஒரே தடவையில இப்படி உக்காந்ததில்ல" என்றார். கியோனோவுக்கு நெஞ்சு விம்மியது. தத்சுமி பார்த்திருக்க வேண்டுமே என்று இருந்தது.

அவள் பட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிக் கல்லைத் துடைத்து, காபியைத் திறந்து வைத்துக் கும்பிட்டாள். பெயரைப் பற்றி மூச்சு விடவில்லை. லாரிக் கதவைத் திறக்கும்போது பின்னால் ஹெய்கிச்சியின் தொண்டைக் கனைப்பு கேட்டது.

"மேஸ்திரி, தம்பி பேருக்குப் பக்கத்துல இடம் இருக்கில்ல? உளியோட வந்திருக்கீங்கதானே? இவ பேரைச் செதுக்கிடுங்க. நாளைக்கு வர்றவங்க பாக்கட்டும்."

கியோனோ திரும்பி வந்தாள். கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை. குரலை மட்டும் கலங்க விடவில்லை.

"சிவப்பை நல்லாத் தடிமனாப் பூசுங்க, மேஸ்திரி. மழையில வெளுத்தா வருஷா வருஷம் நானே வந்து பூசிக்கிறேன்" என்றவள், மூத்தார் பக்கம் திரும்பினாள். "அழிக்கிற வேலை உங்களுக்கு இப்போதைக்கு இல்ல, அத்தான்."