பின் சீட்டுக் கனம்

இராயப்பன் பின் சீட்டில் ஏறி, தொப்பியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்த பிறகுதான் அந்தப் பண்டாரவளைக் கராஜில் அன்றைய வேலை தொடங்கும். காருக்கு அப்போது கூரையும் இல்லை, கதவும் இல்லை; மரச்சட்டம் மட்டும் விலா எலும்பாகத் தெரிந்தது. அதற்குள் அவர் ஊர்வலம் போகிறவரைப்போல வீற்றிருப்பார். ஒரு காலத்தில் அது தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார். இராயப்பனின் அப்பா அதைக் கழுவியவர், ஏறியவர் அல்லர். பெரிய கிளாக்கராக ஓய்வுபெற்ற மகன், கோழிக்கூடாகிக் கிடந்த அதை மீட்டுக் கொண்டுவந்தார். மகள் ஜெசீகாவின் கல்யாணத்தன்று மாதா கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அதில்தான் பயணம். யார் யார் போவது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மருமகனாக வரவிருந்த ஜெசிந்தன் அதில் வேன் எஞ்சினைப் பொருத்தி, முன்மூடியைக் கழற்றி எறிந்து, 'ஹொட் ரொட்' என்று பெயரும் வைத்தான். இராயப்பனுக்கு அது கடைசிவரை துரை கார்தான்.

மரம் வீரசிங்கத்தின் பொறுப்பு, தகடு பஸீலின் பொறுப்பு. கதவைப் பிணைச்சலில் மாட்டி, இடைவெளியில் ஐந்து ரூபாய் நாணயக் குத்தியைச் சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பார் பஸீல். அது சிக்குகிற இடத்துக்கு நேர்கீழே, சட்டத்தின் அடியில் மெல்லிய மரத்துண்டைச் செருகுவார் வீரசிங்கம்.

"ஐயா, கொஞ்சம் எறங்குறீங்களா?" என்றார் பஸீல்.

"நா என்ன ஒங்க கையவா புடிச்சிக்கிட்டு இருக்கேன்? செய்யிங்க."

பிறகு யாரும் கேட்கவில்லை. அவரைச் சுற்றியே கதவுகள் பொருந்தின. அவரைச் சுற்றியே பக்கத் தகடுகளையும் மடித்து ஆணியடித்தார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜெசீகா கராஜுக்கு வந்தாள். அப்பாவின் சட்டைக் கொலரை நேராக்கினாள்.

"அப்பா, கார்ல நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோமே. நீங்க அம்மாவோட வேன்ல வாங்க."

"அதுதானே மொற," என்றார் இராயப்பன். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினார். சாத்தவில்லை. பூட்டின் நாக்கு அதன் துளைக்கு மேலே போய் இடித்தது. ஜெசீகாவும் ஜெசிந்தனும் முன் சீட்டில் ஏறிப் பார்த்தும் பின் கதவு மசியவில்லை.

"மரம் ஏறிருச்சி," என்றார் பஸீல்.

"தகரம் எறங்கிருச்சி," என்றார் வீரசிங்கம்.

கடைசியில் இராயப்பனை மறுபடி ஏற்றினார்கள். கதவு ஜெபப் புத்தகம்போல மூடிக்கொண்டது.

பஸீல் தலையைச் சொறிந்தார். "இத்தன நாளும் உள்ளயே இருந்துட்டீங்க. சட்டம் ஒங்க கனத்துக்கு அளவாயிருச்சிங்க. திரும்பத் தகட்டக் கழட்டுனா கல்யாணம் முடிஞ்சிரும்."

ஜெசீகா தரையைப் பார்த்தாள். "அப்ப நீங்களும் ஏறிக்கிங்கப்பா. பரவால்ல."

அவர் இத்தனை மாதம் காத்திருந்த அழைப்பு அதுதான். ஆனால் அது 'பரவால்ல' என்று முடிந்திருந்தது. இராயப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெலிமடை பஸ்ஸில் போய், மரக்கறிக் கடைத் தராசில் லீக்ஸ் கட்டுகளை நகர்த்திவிட்டு ஏறி நின்றார். சுமை இறக்குகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"இந்தக் கனத்துக்குக் கெழங்கு குடுங்க."

கடைக்காரர் முன்ஸிப் தராசு முள்ளைப் பார்த்தார். "தொப்பியோடயா, தொப்பி இல்லாமலா?"

"தொப்பியோட. கார்லயும் தொப்பியோடதான் இருந்தேன்."

கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் நின்ற காரின் பின் சீட்டில் வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. இராயப்பனே கதவைச் சாத்தினார். மூடியது. முன் சீட்டிலிருந்து ஜெசீகா திரும்பி மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெசிந்தன் எஞ்சினை உறுமவிட்டான்.

"ஏங்க, வேன் நிக்கிது," என்று மனைவி றீட்டா கூப்பிட்டார்.

கீழே வளைவில் கார் திரும்பியபோது மூட்டைகள் இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கோயில் படியில் நின்ற இராயப்பனும் அந்தப் பக்கமே சாய்ந்தார்.