வயிற்றில் கட்டி

2010இல் வெண்மதிக்கு முப்பத்தாறு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தனியாக ஒரு வாடகை வீடு. சர்க்கரை வந்து, முட்டியும் தேய்ந்த பிறகு, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குச் சென்னையில் தேதி வாங்கிவிட்டாள். கத்திக்கு அவள் பயப்படவில்லை. "கூட ஒரு ஆள் இருக்கணும்மா, அஞ்சு நாள்" என்று டாக்டர் சொன்னாரே, அதற்குத்தான் பயந்தாள்.

கடலூரில் இருக்கும் அண்ணன் அருள்முருகனிடம் போய்க் கேட்டாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"வர்றேன். ஆனா இதுக்குத்தான்னு வெளிய சொல்லாத. தின்னு தின்னு பெருத்துட்டு இப்ப அறுத்துக்கப் போறா பாருன்னு சிரிப்பாங்க. வயித்துல கட்டின்னு சொல்லிடு."

துணை வேண்டியிருந்தது. தலையாட்டிவிட்டு வந்து, ஆபீஸில் கட்டி என்றே சொன்னாள்.

அந்தக் கட்டிக்கு இருந்த மரியாதை இருக்கிறதே, அது வெண்மதிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதினொரு வருஷமாக அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாலே எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எத்தன இட்லி?" என்று சிரித்த அதே ஜனங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீடு தேடி வந்தார்கள். கட்டி இல்லை என்று தெரிந்த அண்ணன்கூட தினமும் போன் செய்தான். பக்கத்து சீட் தைலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். வெண்மதியின் கையை யாராவது பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வாரம் அந்தப் பொய்யில் சுகமாகவே இருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தைலம்மாள் விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"உனக்கு நல்லபடியா ஆயிட்டா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிகிட்டேன்டி."

தைலம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்துமா வேறு. இல்லாத கட்டிக்காக அந்த மனுஷியை அத்தனை தூரம் நடக்க விட வெண்மதிக்கு மனசு வரவில்லை.

"கட்டியெல்லாம் இல்லக்கா. ஒடம்பு கொறைக்கத்தான் ஆபரேஷன்."

இரண்டு வாரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தைலம்மாளின் கண் வயிற்றுக்கு இறங்கியது. கையும் தானாக விலகிக்கொண்டது.

"இதுக்கா எங்கள எல்லாம் அழ வச்ச? ராத்திரி சோத்த நிறுத்தினாப் போதுமே."

ராத்திரிச் சோற்றை அவள் நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அதைச் சொல்வதற்குள் தைலம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெண்மதி அண்ணனுக்கு போன் போட்டு, உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வர்றது? அண்ணிக்கு வேற ஒடம்பு சரியில்ல. தேதிய தள்ளிப் போடு, பாப்போம்."

"இல்லண்ணே. நான் போறேன்."

இன்னொரு தடவை ஏதாவது சொல்வான் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான். உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துப் பெட்டியில் துணியை அடுக்கினாள்.

மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் குனிந்தபடியே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரச்சினை?"

"ஒடம்பு ஜாஸ்திங்க. கொறைக்கிற ஆபரேஷனுக்கு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலீங்க."

அப்போதுதான் நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.