பூட்டுக்குள் போன வெங்காய மெசின்

புத்தூரில் தம்பிராசாவின் வெல்டிங் கடைக்குக் கதவு இருக்கிறது என்பதே ஊருக்கு இந்த மார்கழியில்தான் தெரிய வந்தது. அவர் அதைப் பூட்டிய பிறகு.

உள்ளே இருந்தது வெங்காயம் நடும் மெசின். சைக்கிள் செயினும் தேக்கரண்டிகளும் சேர்ந்தது. வீட்டில் தேக்கரண்டி இல்லாமற் போனது வேறு கதை. இரண்டு வருடமாக அது தோட்டம் தோட்டமாகப் போகும். ஆளுக்கொரு குறையோடு திரும்பி வரும். கரண்டி ஆழம் கூடிப்போச்சு என்றாள் நடுகைக்குப் போகும் சின்னாச்சி. தட்டிக் குறைத்தார். சில்லுக்கு ரப்பர் கொடுத்தவன் பக்கத்து ரயர்க் கடை சுஹைர். இப்படி ஊர்வாய் பட்டுப் பட்டே மெசின் தேறியது.

பிறகு கண்டுபிடிப்பாளருக்கு உதவும் திட்டமொன்றிலிருந்து கோபிகா என்ற பிள்ளை வந்தாள். தெரிவானால் இவர் கடையிலேயே இருபது மெசின் செய்யலாமாம். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

"முடிவு வருமட்டும் ஒருத்தருக்கும் காட்டக்கூடாது, அண்ணை. களவெடுத்துப் போடுவினம்."

தம்பிராசா கையெழுத்து வைத்தார். அடுத்த நாளே சின்னாச்சி வந்து நின்றாள்.

"எங்கை மெசின்?"

"காட்டேலாதக்கா."

"அதென்ன, குமர்ப்பிள்ளையே மறைச்சு வைக்க?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பரிசோதனை நாளன்று திட்டத்தின் மூன்று பெரியவர்கள் கோபிகாவோடு கடைக்குப் பின்னால் நின்றார்கள். தம்பிராசா மருதனார்மடம் சந்தையில் வாங்கிய வெங்காயத்தைச் சாக்கோடு கவிழ்த்தார். மெசின் நட்டது, ஒன்று விட்டு ஒன்று தலைகீழாக. செயினை இறுக்கினார், தளர்த்தினார், கரண்டியைத் திட்டினார்.

"முந்தி நல்லா நட்டதையா."

அவர்கள் மரியாதையாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

வேலிக்கு அப்பால் நடுகைப் பெண்களின் சிரிப்புக் கேட்டது. தம்பிராசா மானத்தை விட்டு வேலியடிக்குப் போனார்.

"வெங்காயத்தின்ரை வால் கிள்ளினனியோ?" என்றாள் சின்னாச்சி, குனிந்தபடியே.

"என்ன வால்?"

"அந்தக் காஞ்ச வால்தான். கரண்டியிலை கொளுவிப் பிரட்டிப்போடும். நாங்கள் கிள்ளிப்போட்டெல்லோ உதுக்குள்ளை கொட்டுறனாங்கள்."

இரண்டு வருடமாக யாரும் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. வெங்காயம் எப்போதும் வால் கிள்ளியே வந்தது.

றோட்டில் நின்ற வானில் ஏறிக்கொண்டிருந்த கோபிகாவிடம் ஓடினார்.

"பிழை பிடிச்சிட்டன், பிள்ளை! இன்னொருக்காப் பாருங்கோ."

"எழுதி முடிஞ்சுதண்ணை. அடுத்தமுறை பாப்பம்."

"அப்ப ஊருக்குக் குடுக்கட்டே?"

"ஐயோ, அடுத்தமுறை வருமட்டும் ஒப்பந்தம் இருக்கு. காட்டக்கூடாது."

"அடுத்தமுறை எப்ப?"

"எங்களுக்கே தெரியாதண்ணை."

வான் போய்விட்டது. மெசினைத் தனியே தள்ளி வந்தார். கடைவாசற்படியில் சில்லு இறுகியது. ஒரு ஆளால் ஏற்ற முடியாது. பழக்கதோஷத்தில், "சுஹைர், ஒரு கை பிடியடாப்பா!" என்று கத்திவிட்டு, நினைவு வந்து, படங்குச் சீலையை அவசரமாக மெசினின் மேல் இழுத்தார். பாதிதான் மூடியது. மற்றப் பாதியில் சுஹைரின் ரப்பர் கறுப்பாகத் தெரிந்தது.

சுஹைர் படியடியில் வந்து நின்றான்.

"கண்ணைப் பொத்திக்கொண்டு தள்ளட்டே, தம்பிராசாண்ணை?"

தம்பிராசா சீலையின் நுனியைப் பிடித்தபடி நின்றார்.