இரவல் நெஞ்சு

போன் அடித்தபோது கிரேன் டிரைவர் சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். காலை பத்தேகால்.

“சார், துறைமுக மருத்துவப் பிரிவு நர்ஸ் பேசறேன். நெஞ்சுல வலி இருக்கா? இடது கை மரத்துப்போகுதா?”

“ஒண்ணுமில்லையேம்மா. சும்மா உக்காந்திருக்கேன்.”

“மறைக்காதீங்க. ஸ்கிரீன்ல உங்க துடிப்பு தாறுமாறா ஓடுது. அப்படியே படுங்க. ஆம்புலன்ஸ் உங்க வீட்டுக்குக் கிளம்பப் போகுது.”

அவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பனியனுக்குள் ரோமத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு கிரேன் கேபினில் தலை சுற்றி விழுந்தார். நிர்வாகம் அவர் மார்பில் ஒரு சென்சாரை ஒட்டியது. வெங்காயத் தோல் கனம்தான். துடிப்பு, வியர்வை, தூக்கம், எல்லாம் நர்ஸின் திரைக்குப் போய்விடும். இருபத்தொரு நாள் பதிவு சுத்தமாக இருந்தால், அவரிடமிருந்து வாங்கி வைத்த மணிக்கட்டு சென்சாரைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை ஒட்டிக்கொண்டு கையைத் திருப்பினால் மேலே கிரேனின் இரும்புக் கை திரும்பும். இல்லாவிட்டால் மிச்ச சர்வீஸ் முழுக்க கேட்டில் நின்று லாரி எண்ண வேண்டியதுதான்.

பதினெட்டாம் நாள் மாடிப்படியில் நெஞ்சு ஒரு தடவை குதித்தது. அது நர்ஸ் கண்ணில் படவில்லை; அடுத்தது படலாம். குளிப்பதற்குப் பத்து நிமிடம் சென்சாரைக் கழற்ற அனுமதி உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் அது மச்சினன் மார்புக்கு இடம் மாறியது. மச்சினனுக்குக் கிடங்கில் சுமை வேலை. பட்டப்பெயர் ரப்பர். மூட்டையோடு நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது.

“ஒரு வருஷம் வேணாலும் ஒட்டிக்கறேன் மாமா. நம்ம நெஞ்சு புதுசு. கவர்கூடப் பிரிக்கல” என்று சிரித்தான்.

இன்று இருபதாம் நாள்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.” போனைக் கையால் மூடிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த மனைவியின் போனிலிருந்து மச்சினனை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழைத்தார். மறுபடி நின்றது.

ஈரக் கையோடு மனைவி வாசற்படியில் நின்றாள். “என் தம்பியவா கூப்பிடறீங்க? ரெண்டாவது ரிங்லயே எடுத்துடுவானே. என்னங்க, ஏன் முகம் இப்படி இருக்கு?”

இன்னும் ஒரே நாள். ‘கையை அசைச்சதுல சென்சார் நகர்ந்துடுச்சும்மா’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாளை மறுநாள் முப்பது மீட்டர் உயரத்தில் உட்காரலாம்.

போனை மூடியிருந்த கையை எடுத்தார்.

“அம்மா, ஆம்புலன்ஸை இங்க அனுப்பாதீங்க. அது என் நெஞ்சு இல்ல.”

“பின்ன யாரோடது?”

“என் மச்சினனோடது. ஏழாம் நம்பர் கிடங்கு, நாலாவது மாடி.”

நர்ஸ் திட்டவில்லை. கீபோர்டு தட்டும் ஓசை மட்டும் கேட்டது. “நீங்க ஓடாதீங்க சார்” என்றாள் கடைசியாக.

மனைவி அதற்குள் தெருவில் இருந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

கிடங்கு இரண்டு தெரு தள்ளி. அவர் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. மனைவி கிடங்கின் வெளிப்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். டிரைவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, மூச்சை இழுத்து, அண்ணாந்து பார்த்தார். நாலாவது மாடியில் சரக்கு இறக்கும் கதவு திறந்திருந்தது. அதன் ஓரத்தில் மூட்டை ஒன்றில் சாய்ந்தபடி மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் ஒரு கை மெல்ல உயர்ந்தது. வரச் சொல்கிறானா, வர வேண்டாம் என்கிறானா, கீழிருந்து தெரியவில்லை.