வெள்ளையம்மா குடிக்காத தண்ணீர்

என் பெண்டாட்டி வெள்ளையம்மாவைப் போல ஒரு பிடிவாதக்காரியைச் சூளகிரிச் சந்தையில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? வெறும் வயிறு என்றது. பிள்ளை பிறக்கும்வரை எந்த உயிரையும் கொன்று வாயில் வைப்பதில்லை என்று மலைமேல் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். அன்றோடு எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு போயிற்று. நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பொதுத்தேர்தல் முடிந்த வருடம், மிஷன் பள்ளிக்கு மைக்ராஸ்கோப் ஒன்று வந்தது. மோர் கொடுக்கப் போனவளைச் சாராள் டீச்சர் கூப்பிட்டு, நாங்கள் குடிக்கும் குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டை அதில் காட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதற்குள் நீந்துகின்றனவாம்.

வந்தவள் தண்ணீரைத் தொடவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் உதடு வெடித்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது, அதைவிடப் பயம்.

"ஏண்டி பைத்தியக்காரி! நீ செத்துத் தொலைஞ்சா யாருக்குடி புள்ள?"

கையைப் பிடித்து டீச்சரிடமே இழுத்துப்போனேன்.

"காய்ச்சிக் குடி வெள்ளையம்மா. எல்லாம் செத்துப்போயிடும்" என்றார் டீச்சர். சமாதானம் சொல்கிறாராம்!

"கொன்னுட்டுக் குடிக்கச் சொல்றீங்களே டீச்சரம்மா! அதத்தானே செய்யமாட்டேன்னு சாமிகிட்ட சொல்லியிருக்கேன்?"

டீச்சர் மைக்ராஸ்கோப்பை அவள் பக்கம் நகர்த்தினார். பேச்சை மாற்றவோ என்னவோ, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். வெள்ளையம்மா வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"ஒன்னு நடுவுல ஒடுங்குதே... அய்யோ, ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு! ரெண்டும் ஓடுது!"

"அது அப்படித்தான் பெருகும். ஒரே உசுரு, தானே ரெண்டாகும்."

"புருசன் வேணாமா? வேண்டுதல் வேணாமா?"

"ஒன்னும் வேணாம்."

திரும்பும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். குட்டைக் கரைக்கு வந்ததும் நின்றாள்.

"ஏங்க, இத அப்படியே குடிச்சா அதுங்க உசுரோடதானே உள்ள போவும்?"

"போவும், போவும்" என்றேன் எரிச்சலாக.

"அப்போ கொன்னதா ஆவாது. என் வயித்துக்குள்ளயும் உசுரு இருக்கும்."

இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி மடமடவென்று குடித்தாள். உள்ளே போனபின் அவை பிழைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். ஈரக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, சிரித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் குந்தி, நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன்.